எனோஷிமா: அம்மா அப்பாவோடு ஒரு நாள், ஓடாமல் போய் வர வழி சொல்லுங்கள்

கசாய்_காவேரி

வணக்கம். நாங்கள் தோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். போன மாதம் கியோட்டோ கூட்டிப் போனோம். இரண்டு நாளில் ஏழு கோயில். திரும்பும்போது ரயிலில் அம்மா வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "எந்தக் கோயில்ல என்ன பார்த்தோம்னே ஞாபகம் இல்லடி" என்றார். அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதனால் இந்த முறை ஒரு நாள், ஒரே இடம். எனோஷிமா தீவுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். நவம்பர் கடைசியில், கூட்டம் இல்லாத ஒரு வேலை நாளில். அம்மாவுக்கு 66 வயது, வலது முழங்காலில் தேய்மானம். அப்பாவுக்கு 71, நன்றாக நடப்பார், ரயில் என்றால் உயிர். மகளுக்கு 5. அம்மா அப்பா இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. பக்கத்திலேயே கமகுரா என்ற பழைய கோயில் ஊர் இருக்கிறதே, அதையும் சேர்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபுஜிசவா_வாசி

கமகுரா வேண்டாம். பதினொரு வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன், ஊரிலிருந்து வந்த எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். கணவரிடம் என் பேரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள்.

தீவு சின்னது. சுற்றளவு 4 கிலோமீட்டர்தான், கரையிலிருந்து சுமார் 400 மீட்டர் பாலத்தில் நடந்தால் வந்துவிடும். ஆனால் அது ஒரு குன்று. கடலில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி, உச்சி 60 மீட்டர் உயரம். எனோஷிமா ஜிஞ்ஜா (ஜிஞ்ஜா என்றால் ஷிந்தோ என்ற ஜப்பானிய மரபு மதத்தின் கோயில்) ஒரே கட்டடம் இல்லை. ஹெத்சுனோமியா, நகத்சுனோமியா, ஒகுத்சுனோமியா என்று மூன்று கோயில்கள், ஒன்றைவிட ஒன்று தள்ளி. படி ஏறித்தான் போக வேண்டும்.

முழங்கால் வலிக்கு மருந்து "எஸ்கார்". 1959-இல் போட்ட வெளிப்புற எஸ்கலேட்டர், கட்டணம் உண்டு. 46 மீட்டர் உயரத்தை உட்காராமல், மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். இதில் ஒரு விஷயத்தைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: அது ஏறுவதற்கு மட்டும்தான், இறங்குவதற்குக் கிடையாது. அப்புறம், உச்சிக்குப் போனதோடு முடியவில்லை. அங்கிருந்து ஒகுத்சுனோமியா போக ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதையும் தாண்டி இவாயா குகைகளுக்கு இறங்கினால், கடல் மட்டம் வரை செங்குத்தான படிகள். திரும்ப அத்தனையும் ஏற வேண்டும். அலை அமைதியாக இருக்கும் நாளில் குகைப் பக்கத்துப் பாறையிலிருந்து பாலத்தடிக்கு பெந்தென்மாரு என்ற சின்னப் படகு ஓடும், அது கிடைத்தால் ஏற வேண்டியதில்லை. ஆனால் படகை நம்பி அம்மாவைக் கீழே இறக்காதீர்கள். அது ஓடுகிறதா என்று பாலத்திலேயே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நவம்பர் கடைசியில் நாலரைக்குச் சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் குகையையும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். காலை பத்து மணிக்குத் தீவில் இருந்தால் எதற்கும் ஓட வேண்டாம்.

தண்டவாளம்

அப்பாவுக்கு ரயில் பிடிக்கும் என்றீர்களே, போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தோசாய் லைனில் ஓத்தேமாச்சி, அங்கிருந்து நடந்தே தோக்கியோ நிலையம், தோக்கைதோ லைனில் ஓஃபுனா. ஓஃபுனாவில் ஷோனான் மோனோரயில். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், பெட்டி அதில் தொங்கிக்கொண்டு போகும். 6.6 கிலோமீட்டர், 14 நிமிடம். மலையைக் குடைந்து சுரங்கத்துக்குள் தொங்கியபடி நுழையும் இடத்தில் பெரியவர்களும் குழந்தைபோல ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள்.

வரும்போது எனோதென். 1902-இல் ஓட ஆரம்பித்த ரயில். எனோஷிமாவுக்கும் கொஷிகோயேவுக்கும் இடையில் கடைத்தெரு நடுவே, கார்களோடு கார்களாக ஓடும். அந்த ஒரு நிறுத்தம் போய்விட்டுத் திரும்பி ஃபுஜிசவா வந்தாலும் நேரம் பெரிதாகப் போகாது. எனோஷிமா நிலையத்து வாசலில் கம்பித் தடுப்புகளின் மேல் சின்னச் சிட்டுக்குருவி பொம்மைகள் இருக்கும். யாரோ அவற்றுக்குப் பருவத்துக்கு ஏற்றபடி கம்பளிச் சட்டை பின்னிப் போட்டிருப்பார்கள். பாப்பாவிடம் முன்னாடியே சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

இரட்டையர்_அப்பா

குழந்தை வண்டி கொண்டுபோக வேண்டாம். நாங்கள் கொண்டுபோய் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டே அலைந்தோம்.

இன்னொன்று, பருந்து. எனோஷிமாவில் தலைக்கு மேலே எப்போதும் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். நம் ஊர் மீன் மார்க்கெட்டில் பார்ப்போமே, அதே இனம்தான். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்து கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போய்விடும், நகம் பட்டால் குழந்தைக்குக் காயம். திறந்த வெளியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். மேலே கூரை, முதுகுக்குச் சுவர். இரண்டும் இருந்தால்தான் சாப்பாடு.

கசாய்_காவேரி

எல்லாருக்கும் நன்றி. கமகுரா இல்லை என்று முடிவாகிவிட்டது.

ஒரு சந்தேகம். அங்கே இருப்பது சரஸ்வதி என்று ஒருவர் சொன்னார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருடம் வீணை படித்தவர். உண்மையாகவே சரஸ்வதி என்றால் அம்மாவிடம் சொல்லிக் கூட்டிப் போக வேண்டும். சும்மா சொல்வது என்றால், அவரிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

நாதப்பிரியா

பொய் இல்லை, தைரியமாகச் சொல்லுங்கள். ஜப்பானில் அவள் பெயர் பென்சாய்தென். நம் சரஸ்வதி பௌத்த சூத்திரங்களோடு சீனா போய், சீன எழுத்தில் "வாக்குவன்மை தரும் தேவி" என்ற பொருளில் பெயர் பெற்று, அங்கிருந்து ஜப்பான் வந்தவள். முக்கியமாக சுவர்ணப்ரபாச சூத்திரம் வழியாக. வீணை இருந்த இடத்தில் பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம் வந்தது. ஆறு, கடல், குளம் என்று தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் அவளை வைப்பார்கள், சரஸ்வதி முதலில் ஆறுதானே. ஜப்பானின் மூன்று பெரிய பென்சாய்தென் தலங்கள் என்று இத்சுகுஷிமா, சிக்குபுஷிமா, எனோஷிமா மூன்றையும் சொல்கிறார்கள். மூன்றும் தீவுகள். பிற்காலத்தில் பெயரில் உள்ள ஓர் எழுத்தை அதே ஒலி உள்ள "செல்வம்" என்ற எழுத்தாக மாற்றி எழுத ஆரம்பித்தார்கள், அதனால் கல்வி, இசையோடு பணமும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஹெத்சுனோமியா பக்கத்தில் காசு கழுவும் குளம் இருப்பது அதனால்தான்.

அவள் இருப்பது ஹெத்சுனோமியாவை ஒட்டிய எண்கோண மண்டபத்தில், பெயர் ஹோவான்தென். உள்ளே போகத் தனியாகக் கட்டணம், நான் போனபோது 200 யென். படம் எடுக்கக் கூடாது. இரண்டு பென்சாய்தென். ஒருத்திக்கு எட்டுக் கை, கைகளில் ஆயுதங்கள். இன்னொருத்தி மியோவொன் பென்சாய்தென், பிவா வாசிப்பவள். அவளுக்கு ஆடை கிடையாது, வெண்ணிற மேனியோடு உட்கார்ந்திருப்பாள். இதை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். என் மாமியாரிடம் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் முகம் மாறிச் சட்டென்று வெளியே வந்துவிட்டார், அந்த வாசிப்பைப் பார்க்கவே இல்லை. அது என் தவறு, இப்போதும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கான்சாய்_கதிர்

ஒரு வேண்டுகோள். "அது நம்ம சரஸ்வதிதான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஜப்பானியர்கள் அவளைக் கும்பிட்டிருக்கிறார்கள், அவளுக்கென்று இங்கே கதைகள் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு அந்த மூன்று கோயில்களிலும் முறைப்படி இருப்பவர்கள் தகித்சுஹிமே, இச்சிகிஷிமாஹிமே, தகிரிஹிமே என்ற மூன்று கடல் தேவதைகள், சகோதரிகள். சரஸ்வதி என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களைத் தாண்டிப் போய்விட்டால், வீட்டுக்காரரைக் கவனிக்காமல் விருந்தாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

ஃபுஜிசவா_வாசி

கதிர் சொல்வது நியாயம்தான். ஆனால் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது இங்கே அவ்வளவு எளிது இல்லை. 1868-இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொல்லும் வரை இந்தத் தீவு முழுக்க பென்சாய்தெனின் தலம்தான், யோகான்ஜி என்ற பௌத்தக் கோயிலாகத்தான் நடந்தது. அந்த ஆணைக்கு அப்புறம்தான் "எனோஷிமா ஜிஞ்ஜா" என்ற பெயரும் இன்றைய முறையும் வந்தன. எட்டுக் கை பென்சாய்தெனை 1182-இல் மினமோத்தோ நோ யோரிதோமோ என்ற போர்த்தலைவருக்காக மொங்காக்கு என்ற துறவி இங்கே எழுந்தருளச் செய்தார் என்று வரலாறு. எதிரியை வெல்ல வேண்டும் என்ற வேண்டுதல், அதனால்தான் ஆயுதங்கள். தோக்கியோவுக்கு 'எதோ' என்று பெயர் இருந்த காலத்தில் அங்கிருந்து பாட்டுக்காரர்களும் நாடகக்காரர்களும் நடந்தே வந்து அவளைக் கும்பிட்டார்கள். நகாமுராசா, இச்சிமுராசா என்ற கபுகி நாடக அரங்கங்கள் கொடுத்த விளக்குகள் இன்னும் நகத்சுனோமியாவில் நிற்கின்றன.

இங்கே சொல்லும் தலபுராணம் அம்மாவுக்குப் பிடிக்கும். ஐந்து தலை நாகம் ஒன்று இந்தப் பக்கத்து மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. 552-ஆம் வருடம் கடலில் மேகம் சூழ்ந்து, பூமி அதிர்ந்து, ஒரு தீவு எழுந்தது. அதில் தேவி இறங்கினாள். நாகம் அவளைப் பார்த்து மயங்கிக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டது. செய்த கொடுமைக்கு அவள் மறுத்தாள். நாகம் திருந்தி, மக்களுக்குக் காவலாக இருந்து, கடைசியில் தீவைப் பார்த்தபடி ஒரு குன்றாகக் கிடந்துவிட்டது. இதை 1047-இல் கோகெய் என்ற துறவி எழுதி வைத்ததாகச் சொல்கிறார்கள். பாலத்தில் நடக்கும்போது குழந்தைக்குச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்தால் கரையில் குன்றுகள் தெரியும்.

சைவச்சமையல்_யோகோஹாமா

சாப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தெரு முழுக்க ஷிராசு என்ற பொடி மீன்தான், ஆக்டோபஸை அப்படியே வைத்து அழுத்திச் சுடும் அப்பளமும் உண்டு. உதோன், சோபா நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாவற்றிலும் மீன் கொதித்த தாஷி இருக்கும். "மீன் வேண்டாம்" என்று சொன்னால் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றைக் கொடுப்பார்கள், அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை. "சகானா நோ தாஷி வா ஹைத்தே இமாஸ் கா" (மீன் சாறு சேர்த்திருக்கிறதா) என்று கேளுங்கள்.

புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதுதான் நிம்மதி. அங்கே வாங்கிச் சாப்பிட மஞ்சூ இருக்கிறது. உள்ளே அஸுகிப் பயற்றுப் பூரணம், நம் கொழுக்கட்டைப் பூரணத்துக்குத் தங்கை மாதிரி. யோகான் என்ற இனிப்பை அகர் அகர் போட்டுச் செய்வார்கள், ஜெலட்டின் இல்லை. எனோஷிமாவில் கடற்பாசி கலந்த யோகான் விசேஷம்.

கசாய்_காவேரி

போய் வந்துவிட்டோம். நேற்று. எழுதாமல் இருக்க முடியவில்லை, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோனோரயிலில் அப்பா முன் ஜன்னலை விட்டு நகரவில்லை. பாலத்தில் நல்ல வெயில், இடது கையில் பாய்மரப் படகுகள். 1964 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்த துறைமுகம் அது என்று அப்பாவுக்குச் சொன்னேன், ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். நின்றோம். அதுதான் இந்த நாளில் எனக்குப் பிடித்தது: யார் எங்கே நின்றாலும் எல்லாரும் நின்றோம். பெந்தென்மாரு பற்றிப் படகுத்துறையில் கேட்டோம், அலை பெரிதாக இருக்கிறது, இன்று இல்லை என்றார்கள். சரி, அம்மா குகைக்கு வருவதில்லை என்று அங்கேயே முடிவு.

வெண்கலத் தோரியை, அதாவது கோயில் வளைவைத் தாண்டிக் கடைத்தெரு, அதன் முடிவில் எஸ்கார். முதல் பகுதியில் ஏறி ஹெத்சுனோமியாவில் இறங்கினோம். கை கழுவும் இடத்தில் அம்மா மூங்கில் அகப்பையை எடுத்து இடது கை, வலது கை, வாய் என்று நான் சொன்னபடி செய்தார். "நம்ம குளத்துல கால் கழுவிட்டுப் போற மாதிரிதானே" என்றார். முதலில் அந்தக் கடல் தேவதைக்கு. கதிர் அண்ணா, உங்கள் பேச்சை மறக்கவில்லை. ஐந்து யென் காசு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி குனிந்து. காசுக்குப் பெயர் "கோஎன்", அதே ஒலியில் "நல்ல தொடர்பு" என்று பொருள் என்றதும் மகள் இன்னும் நாலு காசு கேட்டாள்.

அப்புறம் ஹோவான்தென். நாதப்பிரியா அக்கா, ரயிலிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஆடை இல்லாம இருந்தா என்ன, அம்பாள்தானே" என்றார். உள்ளே எங்களைத் தவிர ஒருவர்தான் இருந்தார். எட்டுக் கை தேவியைப் பார்த்ததும், "இவ சரஸ்வதியா? துர்க்கை மாதிரில்ல இருக்கா" என்றார். யோரிதோமோ கதையைச் சொன்னேன், தலையாட்டினார். மியோவொன் பென்சாய்தென் முன்னால் வந்ததும் பேச்சு நின்றது. நானும் பேசவில்லை. பார்த்தால், அம்மாவின் இடது கை விரல்கள் சேலைத் தலைப்பின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன, மெட்டுக்கு மெட்டு வழுக்கி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அம்மா வீணையைத் தொட்டு முப்பத்தைந்து வருடம் இருக்கும். நான் பிறந்தப்புறம் ஒரு முறைகூட வாசித்து நான் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்து, "நரம்பைப் பிடிச்சிருக்கிற விதம் தெரிஞ்சவன் செஞ்சது" என்று மட்டும் சொன்னார்.

வழியில் ஃபுகுஇஷி என்ற ஒரு கல் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற அக்குபங்சர் வைத்தியர் இங்கே விரதம் இருந்து வேண்டிக்கொண்டு திரும்பும்போது இதில் இடறி விழுந்தாராம். உடம்பில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால் குழாய்போன்ற ஒன்றுக்குள் ஒரு பைன் ஊசி. அதிலிருந்துதான் சின்னக் குழாய்க்குள் ஊசியை வைத்துக் குத்தும் முறை அவருக்குத் தோன்றியது என்கிறார்கள். அப்பா ஊரில் அக்குபங்சர் போனவர், அதே மாதிரி குழாய் வைத்துத்தான் குத்தினார்கள் என்று ஒரே ஆச்சரியம். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாப்பாடு உச்சிக்குப் பக்கத்தில், கூரைக்கு அடியில், சுவரில் முதுகை வைத்து. ஒரு பருக்கைகூடப் பறிபோகவில்லை.

ஒகுத்சுனோமியா வரை அம்மா வந்துவிட்டார், பள்ளத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு. அங்கே கூரையில் ஓர் ஆமை ஓவியம். எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்க்கும். மகள் நாலு மூலைக்கும் ஓடி ஓடிச் சோதித்தாள். அப்புறம் அப்பாவும் கணவரும் மகளும் குகைக்கு இறங்கினார்கள். நானும் அம்மாவும் கடலைப் பார்த்த ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரப் பாட்டி அம்மா உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு, தன் முழங்காலைத் தட்டி, "ஹிஸா?" என்றார். அம்மாவுக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல் தெரியாது. "ஆமா, வலது" என்று தமிழில் சொன்னார். பாட்டி உள்ளே போய் இரண்டு மெத்தைத் திண்டு கொண்டுவந்து ஒன்றை முதுகுக்கும் ஒன்றைக் காலுக்கும் வைத்தார். அப்புறம் தன் இடது முழங்காலைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார், அம்மா "அப்படித்தான், படி இறங்கும்போதுதான் உயிர் போகும்" என்றார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் கால் மணி நேரம் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கவே இல்லை, தேவைப்படவில்லை.

கீழே போனவர்கள் கதை தனி. குகையில் கையில் மெழுகுவத்தி விளக்குக் கொடுத்தார்களாம், 152 மீட்டர் நீளக் குகையில் மகள் அதை அணையாமல் கொண்டுபோய் வந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளியே சிகோகாஃபுச்சிப் பாறைத்திட்டு. 1923 பூகம்பத்தில் கடலுக்குள்ளிருந்து மேலெழுந்த இடமாம். அங்கே நின்று அப்பா பையிலிருந்து ஒரு போளியை எடுத்திருக்கிறார். எடுத்தது மட்டும்தான் தெரியும் என்கிறார். காயம் இல்லை, காதோரம் காற்று மட்டும் பட்டதாம். இரட்டையர்_அப்பா சொன்னதை எல்லாருக்கும் சொன்னேன், அப்பாவிடம் தனியாக ஒரு முறை சொல்லியிருக்க வேண்டும்.

நாலு மணிக்கு மேல் ஃபுஜி மலை தெரிந்தது. பாதி பனி. கடைப் பாட்டிதான் அம்மாவின் கையைத் தொட்டுக் காட்டினார். பார்க்காமல் விட்டவை நிறைய. கொக்கிங் தோட்டம் போகவில்லை, கலங்கரைவிளக்கக் கோபுரம் ஏறவில்லை, காசு கழுவவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மா காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னார், ஒன்றுகூட விடாமல். சிட்டுக்குருவியின் சட்டை நீலம் என்பது உட்பட.

நாதப்பிரியா

சேலைத் தலைப்பில் விரல் நகர்ந்தது என்று படித்ததும் கண் நிறைந்துவிட்டது. ஒரு வீணை வாங்கிக் கொடுங்கள் காவேரி.

பசுமை_நடை

நாங்கள் மே மாதம் மாமனார் மாமியாரைக் கூட்டிப் போக நினைக்கிறோம். சனி ஞாயிறுதான் முடியும். பரவாயில்லையா?

ஃபுஜிசவா_வாசி

மே முதல் வார விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த நாட்களில் பாலத்திலேயே வரிசை நிற்கும். மற்ற வாரங்களில் காலை ஒன்பதுக்குத் தீவில் இருங்கள், எஸ்காரில் தள்ளுமுள்ளு இருக்காது. இந்தப் பக்கம் மே மாதத்தில் ஃபுஜி எப்போதாவதுதான் தெரியும், மாமனாரிடம் ஆசை காட்டிவிட வேண்டாம்.

கசாய்_காவேரி

நாதப்பிரியா அக்கா, வீணை பற்றி அம்மாவிடம் இன்னும் பேசவில்லை, ஆனால் பேசுவேன். அவர் வேறொன்று கேட்கிறார். "மூணு தீவுன்னு சொன்னியே, மத்த ரெண்டு எங்கே?" விசா முடிய ஆறு வாரம் இருக்கிறது. சிக்குபுஷிமா எப்படிப் போவது?

கான்சாய்_கதிர்

வாருங்கள், நானே கூட்டிப் போகிறேன். பிவா ஏரியின் வட பகுதியில் இருக்கிறது. நகஹாமா துறையிலிருந்து படகில் அரை மணி நேரம். குளிர்காலத்தில் படகுகள் குறைவு, கிளம்பும் நாளில் ஏரி எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் ஓட்டுவார்கள். இறங்கியதும் 165 கல்படி, எஸ்கலேட்டர் கிடையாது. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

கசாய்_காவேரி

சொல்லிவிட்டேன். "பத்துப் படிக்கு ஒரு தடவை உட்காரலாம்" என்கிறார். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா.